பற்றரி தீர்ந்தால் குதிரைவலு எதற்கு? பதுளை வீதியிலிருந்து போர்மியூலா 1ஐப் பார்த்தல்

மார்ச் 8ஆம் திகதி மெல்பேர்னில் 2026 போர்மியூலா 1இன் முதலாவது ஓட்டம். அதற்கு முன்பே எந்த எஞ்சின் வலியது என்ற ஊகங்கள் சூடுபிடித்துவிட்டன. மெர்சிடிஸ், பெராரி, ஹொண்டா, ரெட்புல்-போர்ட், புதிதாக வரும் அவுடி என ஐந்து தயாரிப்பாளர்கள். ரெனோ விலகிவிட்டது.

1.6 லீற்றர், ஆறு சிலிண்டர் டேர்போ எஞ்சின் தொடர்கிறது. ஆனால் அதன் வலு சுமார் 400 கிலோவாட்டாகக் குறைகிறது. மின்மோட்டாரின் வலுவோ 120இலிருந்து 350 கிலோவாட்டாக உயர்கிறது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

சிக்கல் பற்றரியில்தான். ஒரு நேரத்தில் அதிலிருந்து பயன்படுத்தக்கூடியது சுமார் 4 மெகாஜூல். மோட்டாரை முழு வலுவில் ஓட்டினால் பதினொரு செக்கனில் அது காலி. பிறகு பெரும்பாலும் பிரேக் பிடித்தே மீண்டும் ஏற்ற வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊவா வீதிகளே போதும். சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலிருந்து 1,200 மீற்றருக்கு மேலுள்ள பண்டாரவளைக்கு ஹைபிரிட் கார் ஏறும்போது பற்றரிக் கோடுகள் கரையும். இறங்கும்போது, பிரேக்கில் கால் வைக்க வைக்க, மறுபடி ஏறும். மெல்பேர்ன் தடத்தில் கடும் பிரேக் பிடிக்கும் வளைவுகள் குறைவு. அதனால் நேர்ப்பாதை முடியும் முன்பே ஓட்டுநர்கள் காலைத் தளர்த்தி மின்சாரம் சேமிக்க வேண்டிவரலாம். வாடகைக் கார் ஓட்டும் எங்கள் அண்ணன்மாருக்கு இது பழகிய வித்தைதான்!

அதிகம் பேசப்படுவது அமுக்க விகிதம். 18:1 ஆக இருந்த எல்லையை இம்முறை 16:1 ஆக்கினார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அளவிடப்பட்டதால், சூடேறியதும் விகிதம் கூடும்படி மெர்சிடிஸ் வடிவமைத்திருக்கிறது என்பது போட்டியாளர்களின் சந்தேகம். உண்மையானாலும் அந்த இலாபம் சொற்பம் என்றே நினைக்கிறேன். பற்றரியை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்று கணிக்கும் மென்பொருளே இந்த ஆண்டைத் தீர்மானிக்கும். பரிசோதனை ஓட்ட நேரங்களை நம்பவேண்டாம். எவ்வளவு எரிபொருளுடன் ஓடினார்கள் என்பதை எந்த அணியும் சொல்வதில்லை.

எங்கள் மாவட்டத்திலும் ஓட்டப் பந்தயம் உண்டு. தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியின் ஏற்பாட்டில் நடக்கும் பொக்ஸ்ஹில். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே தடம் விலகிய கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேரைக் கொன்றது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பல போர்மியூலா 1 தடங்களில் சரளைக்கல் பரப்பும், டயர் அரணும், உயர்ந்த வேலியும் தாண்டித்தான் பார்வையாளர் இருக்கைகள். வலு எத்தனை கிலோவாட் என்று கணக்கிடுபவர்கள், வண்டி தடம் விலகினால் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த பொக்ஸ்ஹில்லுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர், எந்தக் கார் வெல்லும் என்று பார்க்கும் முன், தடத்துக்கும் தாங்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் கயிறு மட்டும் என்றால், அங்கே நிற்கவேண்டாம்.