'421-ஏ' பிறந்த கதை

1920 செப்டம்பரில் நியூயார்க் நகரவாசிகள் காலண்டரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அப்போது வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அக்டோபர் 1-ஆம் தேதி முடியும். அன்று தெருவெங்கும் சாமான் வண்டிகள் ஓடும்; ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் இன்னொரு வீட்டில் குடிபுகுவார்கள். அந்த வருஷம் குடிபோக வீடே இல்லை. முதல் உலகப் போருக்கென்று இரும்பும் மரமும் ஆட்களும் போய்விட்டதால், வீடு கட்டும் வேலை ஏறக்குறைய நின்றே போயிருந்தது. நூறு வீட்டுக்கு ஒன்றுகூடக் காலியில்லை. வாடகையோ ஏறிக்கொண்டே போனது. கொடுக்க முடியாதவர்களின் கையில் வெளியேற்ற நோட்டீஸ். தேதி வந்துவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு இத்தனை குடும்பங்களும் எங்கே போகும்?

ஆளுநர் ஆல் ஸ்மித் மாநிலச் சட்டமன்றத்தை அவசரமாகக் கூட்டினார். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்து வளர்ந்தவர் அவர். வாடகையை அநியாயமாக ஏற்றுவதற்கும், குடித்தனக்காரர்களை நினைத்தபோது வெளியேற்றுவதற்கும் கடிவாளம் போடும் சட்டங்கள் நிறைவேறின. குடும்பங்கள் மூச்சு விட்டன. கூடவே புதிய பயம் ஒன்று எழுந்தது. வாடகையில் அரசு கை வைத்துவிட்டதே, இனி யார் பணம் போட்டு வீடு கட்டுவார்கள்?

அதற்கு மருந்தும் அதே கூட்டத்தொடரில் தயாரானது. புதிதாகக் குடியிருப்பு கட்டுகிறவர் மனைக்கு மட்டும் சொத்து வரி செலுத்தினால் போதும். கட்டடத்துக்கு 1932 ஜனவரி 1 வரை வரி கிடையாது. ஆனால் மாநிலம் திறந்துவிட்டது கதவை மட்டும்தான். சலுகை தருவதா, வேண்டாமா என்று அந்தந்த ஊர் மன்றமே தீர்மானிக்க வேண்டும். நியூயார்க் நகர்மன்றத்துக்கு அப்போது ஆல்டர்மென் சபை என்று பெயர். அந்தச் சபை முடிவெடுக்காமலே மாதங்கள் ஓடின.

1921 பிப்ரவரியில்தான் ஒருவழியாக ஒப்புதல் கிடைத்தது. அதில் ஒரு வரம்பு இருந்தது. அறைக்கு 1,000 டாலர், தனி வீட்டுக்கு 5,000 டாலர் மதிப்பு வரைக்கும்தான் விலக்கு. அதற்கு மேல் செலவழித்து மாளிகை கட்டினால், கூடுதல் மதிப்புக்கு எல்லோரையும் போல வரி கட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின் உயிரே அந்த வரம்பில்தான் இருந்தது என்பேன். சலுகை யாருக்கு என்பதை அந்த எண்களே சொல்லிவிட்டன. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும் என்று 1923-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிறகு செங்கல் சூளைகளுக்கு ஓய்வில்லை. சுரங்க ரயிலும் சேர்ந்து கைகொடுக்க, வயல்வெளியாகக் கிடந்த குவீன்ஸ் பகுதியில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. 1920-இல் அங்கே மக்கள்தொகை 4,69,042. 1930-இல் 10,79,129. 1932 பிறந்தபோது பொருளாதாரப் பெருமந்தம் நகரத்தைச் சுருட்டிப் போட்டிருந்தது, சலுகையும் காலாவதியானது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1970-களில் நகரத்துக்கு நேர்மாறான நோய் வந்தது. மக்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்தார்கள். தொடக்கத்திலேயே பயந்துபோன அரசு 1971-இல் பழைய மருந்தை மீண்டும் எடுத்தது. காலி மனையிலோ, சரியாகப் பயன்படாத இடத்திலோ அடுக்குமாடி கட்டினால், பத்தாண்டு வரை படிப்படியாகக் குறையும் வரித் தள்ளுபடி. சொத்து வரிச் சட்டத்தில் அந்தப் பிரிவின் எண்ணே அதற்குப் பெயராக நிலைத்தது: 421-ஏ. ஆனால் மருந்துச் சீட்டில் ஒன்று விடுபட்டிருந்தது. அறைக்கு இவ்வளவுதான் என்ற அந்தப் பழைய வரம்பு அதில் இல்லை.

விடுபட்டது எவ்வளவு பெரியது என்பது ஐந்தாம் அவென்யூவில் தெரிந்தது. பான்விட் டெல்லர் என்ற புகழ்பெற்ற கடையை இடித்துவிட்டு அங்கே ஆடம்பர மாடி வீடுகளோடு ஒரு கோபுரம் கட்டிக்கொண்டிருந்த இளம் தொழிலதிபர், 1981-இல் இந்தச் சலுகையைக் கேட்டு மனுப்போட்டார். 'சரியாகப் பயன்படாத இடமா அது?' என்று நகர நிர்வாகம் மறுத்தது. அவர் நீதிமன்றம் போனார். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை இரண்டு முறை போன வழக்கு அது. 1984-இல் இறுதியாக வென்றார். கோபுரத்தின் பெயர் டிரம்ப் டவர். வழக்காடியவர் டொனால்ட் டிரம்ப்.

நகரம் விழித்துக்கொண்டது. மான்ஹாட்டனின் நடுப்பகுதியில் எளியவர்களுக்கும் வீடு தந்தால்தான் சலுகை என்று 1980-களின் நடுவில் விதி வந்தது. 2006 டிசம்பரில் நகர்மன்றம் அந்த விதியை இன்னும் பல பகுதிகளுக்கு விரித்தது. நகர்மன்றம் அடைத்த இடத்தில் மாநிலச் சட்டமன்றம் வழி திறந்தது. மான்ஹாட்டனில் ஐந்து கட்டடங்களுக்கு மட்டும் சலுகை கிடைக்கும்படி 2013-இல் ஒரு சட்டம் வந்தது. அவற்றில் ஒன்றான ஒன்57 கோபுரத்தின் உச்சி வீடு, 2014 டிசம்பரில் 10 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. அந்த ஆண்டு அதற்கு விதிக்கப்பட்ட வரி சுமார் 17,000 டாலர். நோட்டீஸ் பிடித்த கைகளோடு நின்ற குடும்பங்களுக்காகப் பிறந்த சலுகை, உச்சி மாடிக்கு ஏறிப் போய்விட்டது. இது அநியாயம்.

2022 ஜூன் 15-ஆம் தேதி 421-ஏ காலாவதியானது. 2024 ஏப்ரலில் 485-எக்ஸ் என்ற புதுப் பெயரோடு அது திரும்பி வந்தது. நூறு வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் குடியிருப்பு என்றால், நான்கில் ஒரு பங்கு வீடுகள் குறைந்த வாடகைக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட வேண்டும். 1921-இல் தொடங்கிப் பதினோரு ஆண்டுக்குள் முடிந்த சலுகை, இப்போது 40 ஆண்டு வரை நீளும்.