மூன்று பாகைகளின் வரலாறு: உயர்த்தப்பட்ட ஜீப்பும் முன்சக்கரக் கோணங்களும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு விதிக்கப்பட்ட காஸ்டர் கோணம் 3 பாகை. கேம்பர் ஒன்றரைப் பாகை. கண்ணால் பார்த்து அறிய இயலாத அளவுகள் இவை. எனினும் அந்த வண்டி நேராக ஓடியதும், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுநிலைக்கு மீண்டதும் இவற்றால்தான். ஜீப்பின் வரலாற்றை எழுதியோர் அதன் எஞ்சினையும் போர்க்களங்களையும் விரிவாகப் பேசுகின்றனர். இந்த மூன்று பாகைகளைப் பற்றிப் பேசுவோர் அரிது. வண்டியை உயர்த்தும் வழக்கம் பரவிய பின்னர் முதலில் இழக்கப்பட்டது இதுவே என்பதால், இதற்கென ஒரு வரலாறு தேவைப்படுகிறது.

தொடக்கம் குதிரை வண்டியில் இருக்கிறது. பழைய வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரு முளையைச் சுற்றித் திரும்பும். மியூனிக் நகரின் வண்டித் தச்சர் கியோர்க் லாங்கன்ஷ்பெர்கர், அச்சை அசைக்காமல் அதன் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனியே திருப்பும் அமைப்பை உருவாக்கினார். லண்டனில் அவருக்காகக் காப்புரிமை பெற்றவர், அச்சுப் படங்களின் பதிப்பாளராக அறியப்பட்ட ருடால்ஃப் ஆக்கர்மன், ஆண்டு 1818. இன்று உலகம் முழுவதும் பாடநூல்கள் இதனை ஆக்கர்மன் வடிவியல் என்றே அழைக்கின்றன. கருத்தைக் கண்டவர் பெயர் மறைந்து, மனுவில் கையெழுத்திட்டவர் பெயர் கலைச்சொல்லாக நிலைத்தது. சொல்வரலாற்றில் இது புதிதன்று.

சக்கரம் தனித்தனியே திரும்பத் தொடங்கியவுடன், அது எந்த ஊசியைச் சுற்றித் திரும்புகிறது, அந்த ஊசி எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற கேள்விகள் எழுந்தன. கிங்பின் எனப்படும் அந்த ஊசியின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், அதன் நீட்சிக் கோடு சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே தரையில் விழும். நாற்காலியின் உருளைக்கால் இழுத்த திசையில் தானே திரும்பிக்கொள்வதுபோல, சக்கரமும் செல்லும் திசையைத் தேடிக்கொள்ளும். காஸ்டர் என்ற பெயரும் அந்த உருளைக்காலிலிருந்து வந்ததே.

1920களில் மற்றொரு சிக்கல் தோன்றியது. காற்றழுத்தம் குறைந்த பருமனான பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவலானபோது, குறிப்பிட்ட வேகங்களில் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெறிகொண்டு ஆடின. அன்று புகழ்பெற்றிருந்த ஒரு நடனத்தின் பெயரால் அதனை ஷிம்மி என்றனர். 1925இல் பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரூலியே இதனை ஆராய்ந்து எழுதினார். சுழலும் சக்கரம் ஒரு சுழல்காட்டி. இரு சக்கரங்களையும் ஒரே திட அச்சு பிணைத்திருக்கையில் ஒன்று மேட்டில் ஏறினால் அச்சு சாய்கிறது. அச்சாய்வு இரு சக்கரங்களையும் பக்கவாட்டில் திருப்ப முயல்கிறது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஆலி போன்றோர் பரிந்துரைத்த தீர்வு, அச்சையே நீக்குவது. 1934ஆம் ஆண்டு மாடல்களில் அந்நிறுவனம் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது.

சாலைக் கார்கள் கைவிடத் தொடங்கிய திட அச்சை ஜீப் வைத்துக்கொண்டது. முன்சக்கரங்களுக்கும் விசை செல்ல வேண்டிய வண்டியில் அதுவே எளிது, உறுதியானது. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் அச்சும் உடன் உயர்கிறது. 1940களின் இறுதியில் மஹிந்திரா பம்பாயில் இணைக்கத் தொடங்கிய ஜீப்புகளின் வழியே இந்த அமைப்பு இந்தியாவில் வேரூன்றியது. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் இரு திட அச்சுகளும் நான்கு லீஃப் ஸ்பிரிங்குகளும் கொண்டதே. லீஃப் ஸ்பிரிங்கை வட இந்தியப் பட்டறைகள் கமானி என்கின்றன; பாரசீகத்தில் கமான் என்பது வில். தமிழ்ப் பாடநூல்களும் ஸ்பிரிங்கைச் சுருள்வில் என்கின்றன. இரு மொழிகளும் ஒரே போர்க்கருவியைத் தேடிச் சென்றிருக்கின்றன.

வண்டியை உயர்த்தும் விருப்பம் பெரும்பாலும் டயரிலிருந்து பிறக்கிறது. சேற்றிலும் பாறையிலும் அச்சின் அடிப்பகுதியைத் தரையிலிருந்து விலக்கப் பெரிய டயர் ஒன்றே வழி. அது மட்கார்டில் உரசாதிருக்க உடலை உயர்த்தியாக வேண்டும். இதற்கான மலிவான வழி, ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்குவது. முன் ஸ்பிரிங்கின் நீளம் சுமார் 90 செ.மீ. என்றும், ஷேக்கிள் அதன் முன்முனையில் உள்ளது என்றும் கொள்வோம். ஷேக்கிளை 5 செ.மீ. நீட்டினால் ஸ்பிரிங் ஒரு முனையில் மட்டும் தாழ்கிறது. அதன் நடுவில் அமர்ந்த அச்சுக்கு மேலே சட்டம் உயர்வது இரண்டரை செ.மீ. மட்டுமே. ஆனால் ஸ்பிரிங்கோடு அச்சும் ஏறத்தாழ 3 பாகை முன்னோக்கிச் சுழல்கிறது. ஓர் அங்குல உயரத்துக்கு விலையாக வில்லிஸ் கையேட்டின் காஸ்டர் முழுவதும் கொடுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் நெடுஞ்சாலையில் வண்டி அலைபாய்வதற்கு ஓட்டுநரின் கையைக் குறை கூறுவது நியாயமன்று.

இழந்த பாகைகளை மீட்க ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைப்பர். காஸ்டர் திரும்பும், அச்சு பின்னோக்கிச் சுழல்வதால் டிஃபரன்ஷியலின் பினியன் முனை கீழே தாழ்ந்து, ஏற்கெனவே செங்குத்தாகிவிட்ட புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு மேலும் மடங்கும். ஒரு கோணத்தைத் திருத்தினால் மற்றொரு கோணம் கெடுகிறது. இரண்டையும் ஒருசேரக் காக்க, அச்சுக் குழாயின் முனையிலுள்ள நக்கிளை வெட்டித் திருப்பி மீண்டும் பற்றவைக்க வேண்டும். அங்கே பற்றவைப்பவரின் கைத்திறன்மீதே உயிர் தங்கியிருக்கிறது.

ஜிப்ஸி வகை வண்டிகளில் செய்யப்படும் மற்றொரு மாற்றம், அச்சுக்குக் கீழிருக்கும் ஸ்பிரிங்கை அதன் மேல் ஏற்றுவது. 12 செ.மீ. அளவுக்கு உயரம் ஒரேயடியாகக் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங் பெட்டி சட்டத்தோடு மேலே போய்விட, சக்கரம் கீழேயே நிற்க, இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சரிகிறது. கிடையாக உள்ள தண்டின் ஒரு முனை சிறிது ஏறி இறங்கினால் அதன் பக்கவாட்டு வீச்சு ஏறக்குறைய மாறாது. சரிந்த தண்டில் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் பக்கவாட்டு அசைவாகிறது. விளைவு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்புவது. இதனோடு தேய்ந்த டை ராட் முனைகளும் சமனற்ற பெரிய டயர்களும் சேர்ந்தால் 1920களின் ஷிம்மி திரும்பி வருகிறது. இன்று அதற்கு டெத் வாபிள் என்று பெயர். நடனத்தின் பெயர் சாவின் பெயரானதில் அனுபவத்தின் தடம் தெரிகிறது. ஸ்டீயரிங் டாம்பர் பொருத்துவோர் பலர். அது நடுக்கத்தை மறைக்கும், தேய்மானத்தைப் போக்காது.

2010இல் வந்த தாரின் முன்பகுதியில் திட அச்சு இல்லை. டார்ஷன் பார் கொண்ட தனித்தியங்கும் அமைப்பு. அங்கே ஒரு போல்ட்டை முறுக்கினாலே முன்பகுதி உயரும். அந்த எளிமையே பொறி: கேம்பரும் டோவும் சேர்ந்து மாறுகின்றன, பால் ஜாயின்ட்டும் சிவி ஜாயின்ட்டும் தம் எல்லையருகே இயங்குகின்றன, சக்கரம் கீழிறங்க மிச்சமிருக்கும் இடம் சுருங்குகிறது. 2020இன் தாரில் இரட்டை விஷ்போனும் சுருள் ஸ்பிரிங்கும் வந்தன. போல்ட் போயிற்று, வடிவியல் அப்படியே நின்றது.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதனை உறுதிசெய்தது. தடை நியாயமானதே. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. இருக்கக் கூடாத வண்டிக்கு அளவுக் கையேட்டை யாரும் அச்சிடுவதில்லை. வண்டிகளோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே வெட்டித் திருப்புவது, ஆப்பு வைப்பது ஆகிய அறிவு முழுவதும் எழுதப்படாமல், ஒரு பட்டறையிலிருந்து மற்றொன்றுக்கு வாய்மொழியாகச் செல்கிறது. போர்க்காலப் படைவீரனுக்குக் கையேட்டில் கிடைத்த மூன்று பாகைகள் இன்றைய பட்டறைப் பையனுக்கு எந்தத் தாளிலும் கிடைப்பதில்லை.

அலைன்மென்ட் கடையில் கணினி மூன்று கோணங்களையும் அளக்கிறது. திட அச்சு வண்டியில் டை ராடைச் சுழற்றி எளிதில் திருத்தக்கூடியது டோ மட்டுமே. எனவே அது மட்டும் திருத்தப்படுகிறது. காஸ்டரின் எண் சிவப்பில் அச்சாகிறது. தாள் மடிக்கப்பட்டு டாஷ்போர்டுக்குள் செல்கிறது.