பைசனுக்காகப் போட்ட எல்லை

1922 மே மாதம் கனடாவின் சஸ்காச்சவன் மாகாணத்தில், மடி லேக் ஏரியோரம், வூப்பிங் கொக்கின் கூடு ஒன்று ஃபிரெட் பிராட்ஷா கண்ணில் பட்டது. ஐந்தடி உயரம் நிற்கும் வெள்ளைப் பறவை அது. சிறகு நுனி கறுப்பு. பிராட்ஷா மாகாண வனவிலங்குக் காவல் அதிகாரி. அவரே குஞ்சைப் பிடித்து அருங்காட்சியகத்துக்குப் பாடம் செய்யக் கொடுத்தார். அன்றைய வழக்கம் அப்படி. அதன்பிறகு 32 ஆண்டுகள் கனடாவில் எந்த ஆய்வாளரும் இந்தக் கொக்கின் கூட்டைப் பார்க்கவில்லை.

அதே 1922 டிசம்பரில், வடக்கே வெகுதூரம் தள்ளி, வுட் பஃபலோ தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. மிஞ்சியிருந்த பைசன் காட்டெருமைகளைக் காப்பதற்கு. கொக்கைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. நில அளவையில் காலம் தள்ளியவன் நான். ஒரு எல்லைக்கோட்டைக் கண்டால் எதற்காகப் போட்டார்கள் என்று துருவுவது தொழில்புத்தி. இந்தக் கோடு இரண்டு உயிரினங்களைக் காப்பாற்றியது, அதில் ஒன்று முற்றிலும் தற்செயல்.

1941 குளிர்காலத்தில் டெக்சஸ் மாநிலத்தின் அரன்சாஸ் கடற்கரைக்கு வந்துசேர்ந்த கொக்குகள் பதினைந்து பதினாறுதான். அந்தக் கரையை 1937இலேயே சரணாலயமாக்கியிருந்தார்கள். ஆனால் வசந்தத்தில் கிளம்பும் பறவைகள் எங்கே போய் முட்டையிடுகின்றன? பறவை ஆய்வாளர் ராபர்ட் போர்ட்டர் ஆலன் 1947, 48இல் விமானத்தில் ஆர்க்டிக் கரைவரை தேடினார். கிடைக்கவில்லை. 1954 ஜூனில் காட்டுத்தீயைப் பார்த்துவிட்டு ஹெலிகாப்டரில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் கீழே ஒரு வெள்ளை ஜோடியையும் குஞ்சையும் கண்டார்கள். பூங்காவுக்குள்ளேயே!

மறுவருடம் ஆலன் அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு மாதம் ஆனது. சாஸ் ஆற்றில் அடைந்து கிடந்த மரங்கள் படகை விடவில்லை. அந்த இடத்தின் வான்படத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்: ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் கண்கண்ணாகக் குட்டைகள், இடையிடையே ஒல்லியான ஸ்ப்ரூஸ் மரங்கள். குட்டையில் முழங்காலளவு தண்ணீர்கூட இராது; அடியில் வெண்சேறு. நடுவில் கோரையைக் குவித்துக் கொக்கு கூடு கட்டும். ஓநாய் வந்தால் சலசலப்பு கேட்டுவிடும். தட்டான்பூச்சியின் இளம்புழுக்கள்தான் குஞ்சுக்குத் தீனி. பெரும்பாலும் இரண்டு முட்டை, தேறுவது ஒன்று. உழவுக்கு உதவாத, சாலை போட முடியாத நிலம். சஸ்காச்சவனின் புல்வெளிக் குட்டைகளைக் கோதுமை வயல் விழுங்கியபோது இது மட்டும் தப்பியதற்கு அதுவும் காரணம். இன்று இந்தக் கூட்டம் 500ஐத் தாண்டிவிட்டது.

கோட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1926இல் பூங்காவைத் தெற்கே விரித்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிய டெனே மக்களில் பலர் அனுமதிச்சீட்டு இல்லையென்று வெளியேற்றப்பட்டார்கள். பைசனைக் காத்த கதையைச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

தண்ணீர் எல்லைக்கோட்டை மதிப்பதுமில்லை. 1968இல் பீஸ் ஆற்றின் மேற்பகுதியில், பூங்காவுக்கு வெகு மேற்கே, பென்னெட் அணை எழுந்தது. கொக்குக் குட்டைகளுக்கு அதனால் நேரடிச் சேதமில்லை. அவை பீஸ் ஆற்றை நம்பியவை அல்ல. அடிபட்டது தென்கிழக்கில் இருக்கும் பீஸ்-அதபாஸ்கா கழிமுகம். லட்சக்கணக்கான வாத்துகளும் தாராக்களும் வலசையில் இறங்கும் இடம். வசந்தத்தில் பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்து வெள்ளம் மேலேறினால்தான் அங்குள்ள உயர்குட்டைகள் நிரம்பும். அணை வந்தபின் அந்த வெள்ளம் அரிதாகிவிட்டது. அதபாஸ்கா ஆற்றின் மேல்பக்கமோ எண்ணெய் மணல் சுரங்கங்கள்.

கழிமுகத்தையொட்டி வாழும் பழங்குடிகளான மிகிசியூ கிரீ மக்கள் 2014இல் இதைப் பற்றி யுனெஸ்கோவிடம் முறையிட்டார்கள். நிபுணர் குழு 2016இல் வந்து பார்த்தது. 2019இல் பூங்காவின் தெற்கெல்லையை ஒட்டி கிதாஸ்கினோ நுவெனெனே என்ற புதிய காப்பிடம் பிறந்தது. சில சுரங்க, எண்ணெய் நிறுவனங்கள் குத்தகையை விட்டுக்கொடுத்தன. இந்தக் கோட்டை எங்கே போட வேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் மிகிசியூ கிரீ மக்கள்தான்.