கோணமலைக் கற்கள் கூறும் வரலாறு

மலையுச்சியில் அமைந்த வரலாற்றுச் சின்னம் ஒன்றை மக்கள் இரு காரணங்களுக்காக நாடிச் செல்வர். ஒன்று, அச்சின்னத்தைக் காண்பதற்கு. மற்றையது, அங்கு நின்று சுற்றுப்புறத்தைக் காண்பதற்கு. திருகோணமலையின் சுவாமி மலையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. அதன் உச்சியிலிருந்து எவை தென்படுகின்றனவோ, அவையே அங்கு நின்ற கோயிலின் விதியை நிர்ணயித்தன. இக்கருத்தை எஞ்சியுள்ள கற்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவாமி மலை கடலினுள் நீண்டு செல்லும் ஒரு நிலமுனையின் உச்சி. கிழக்கே பாறை செங்குத்தாக வங்கக் கடலுள் இறங்குகின்றது; 'இராவணன் வெட்டு' என மக்கள் வழங்கும் பிளவும் அங்கேயே உள்ளது. வடக்கே கடற்கரை நிலாவெளியை நோக்கி வளைந்து செல்கின்றது. மேற்கே நகரமும் அதற்கப்பால் உட்துறைமுகமும் விளங்குகின்றன. தெற்கே, மகாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. துறைமுகத்துக்குள் நுழையும் எக்கலமும் இவ்வுச்சியில் நிற்போனின் கண்ணுக்குத் தப்பாது.

அடியார்க்கு இக்காட்சி இறைவனின் இருப்பிடத்துக்கு ஏற்றதாய் அமைந்தது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலை அமர்ந்தாரைப் பாடினார். சோழர் காலத்ததாகக் கருதப்படும் நிலாவெளிக் கல்வெட்டு, இக்கோயிலுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகின்றது. ஆகவே பாடல் பெற்ற இத்தலம் பரந்த நிலவுடைமையும் கொண்ட பெருநிறுவனமாக விளங்கிற்று என்பது தெளிவு.

கடலாதிக்கப் போட்டியில் இறங்கிய ஐரோப்பியர்க்கோ அதே காட்சி வேறு பொருள் தந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், மறு ஆண்டிலேயே தேனியர் கப்பல்கள் திருகோணமலையை அடைந்தமை கண்டு விழிப்புற்றனர். 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்தில், கொன்ஸ்தந்தீனு டி சா தளபதியாய் இருந்தபோது, கோயில் இடிக்கப்பட்டு அதன் கற்களாலேயே கோட்டை எழுப்பப்பட்டது. சமயக் காழ்ப்பு இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது மட்டுமே காரணமெனின், பின்வந்தோர் இம்முனைக்காகப் போரிட்டமையை விளக்க இயலாது. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டொன்றிலேயே சனவரியில் ஆங்கிலேயரும் ஆகத்தில் பிரெஞ்சுக்காரரும் அதனைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வசமான அது 1803இல் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. கோயிலை இழப்பித்தது துறைமுகமே எனலாம்.

எஞ்சிய கற்களுள் இரண்டு ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கவை. முதலாவது, கோட்டை வாயிலில் பதிக்கப்பட்டுள்ள கல். இரு கயல்களும் சிதைந்த தமிழ் எழுத்துக்களும் அதிற் காணப்படுகின்றன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என முன்னுரைக்கும் செய்யுளாக மரபு அதனை முழுமையாக்கிப் படிக்கின்றது. இரண்டாவது, மலையுச்சியில் நிற்கும் ஒரு கோயிற்றூண். 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் நினைவாக அதில் ஒல்லாந்த மொழியில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. காதலனாற் கைவிடப்பட்ட அவள் இங்கிருந்து குதித்து மாண்டாள் என்பது கதை. உண்மையில், 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் தாவரவியற் பெருநூலை உருவாக்கிய ஹென்றிக் வான் ரீட்டின் மகளாகிய அவள், அவர் 1691இல் மறைந்த பின்னரும் வாழ்ந்திருந்தாள்.

நாளும் ஆண்டும் தெளிவாகப் பொறிக்கப்பட்ட கல்லைச் சுற்றியே இத்தகைய கதை எழுமாயின், சிதைந்த கல்லைப் படிப்பதில் நாம் எத்துணை எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்! மரபை இகழ்வது இதன் பொருளன்று. மக்கள் எதனை இழப்பாக உணர்ந்தனர் என்பதற்கு மரபு சான்று. கல்லில் எஞ்சியுள்ள எழுத்து எது என்பதற்குக் கல்லே சான்று. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் தகாது. காதற்கதையில் மயங்கியோர், அத்தூண் கோயிலுக்குரியது என்ற பெரிய செய்தியைக் காணத் தவறினர் என்பதும் நினைக்கத்தக்கது.

கோயில் அழிந்தபின்னும் வழிபாடு அழிந்திலது. ஆங்கிலேயர் ஆட்சியில் கோயிலின்றியே பாறை விளிம்பில் நின்று பூசகர் கடலை நோக்கி மலர் தூவி வழிபட்டனர். 1950இல் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் கோயிற் கற்களைக் கண்டனர். மீளக் கட்டப்பெற்ற கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது.

ஆகவே கோணேசர் கோயிலின் வரலாறு ஓரிடத்தில் இல்லை. அது வாயிற் கல்லிலும், அயல்மொழி தாங்கிய தூணிலும், கடலடியிலும், மண்ணிலிருந்து மீண்ட திருமேனிகளிலும் சிதறிக் கிடக்கின்றது. கடற்காற்றும் உப்பும் எழுத்துக்களை நாளும் அரிக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, அளந்து, உள்ளவாறு பதிவு செய்தல் வரலாறும் தமிழும் பயிலும் மாணவர்தம் கடமையாகும். மலையுச்சிக் காட்சியைக் கண்டு மகிழ்வோர், ஏறும் வழியிற் கோட்டை வாயிலில் சற்றே நின்று அக்கல்லையும் நோக்குவாராக.