கெடுத்தவர் யார்? கொடுப்பவர் யார்?

பூட்டுக்குப் பெயர் பெற்ற திண்டுக்கல், தோலுக்கும் பெயர் பெற்ற ஊர். தோல் ஷாப்பு என ஊரார் அழைக்கும் தொழிற்கூடங்களிலிருந்து வெளியேறிய கழிவு, வாய்க்காலில் இறங்கிற்று, குடகனாற்றைத் தொட்டது, மண்ணுள் புகுந்து கிணறுகளையும் எட்டிற்று. கிணற்று நீர் கரித்தது தெய்வக் குற்றத்தால் அன்று. தோலைக் காக்கத் தடவிய உப்பும், பதனிடக் கொட்டிய இரசாயனமும் செய்த வேலை அது.

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 சிற்றூர்களில் தொண்டு நிறுவனம் ஒன்று கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் 467. அவற்றுள் கெட்டவை 350. நான்கில் மூன்று! பெண்களும் சிறுவரும் நெடுந்தொலைவு நடந்து குடிநீர் சுமந்தனர். நாம் மிகைப்படுத்தவில்லை, தோழர்களே. உச்ச நீதிமன்றத் தீர்ப்பேட்டில் ஏறிய கணக்கு இது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த வழக்கு அது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. அந்நாளில் அண்ணாவின் பெயர் தாங்கிய திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பீட்டைக் கட்டத் தவறினால் நிலவரி பாக்கிபோல் வசூலிக்கலாம் என்றும் ஆணையிட்டது. ஏழை உழவனின் குடிசை வாயிலை மட்டுமே அறிந்திருந்த ஜப்தி, முதலாளியின் மாளிகைக்கும் வழி கண்டது. மகிழ்ந்தோம்.

எனினும் ஒரு கேள்வி. இழப்பீட்டை இரு தலைப்புகளில் கணக்கிடச் சொன்னது தீர்ப்பு: கெட்ட இயற்கையைச் சீராக்க ஒன்று, பாதிக்கப்பட்ட தனி மனிதர்க்கு ஒன்று. ஊராட்சி எங்கே? கிணறு கெட்ட அன்றே மக்கள் தட்டுவது ஊராட்சியின் கதவையன்றோ? லாரியில் நீர் கொணர்வதும், புதிய குழாய் பதிப்பதும் வழக்கு முடியும்வரை காத்திருக்குமா? அச்செலவுக்கு ஊராட்சி எடுப்பது வரிப்பணம். வரி கட்டுவோர் யார்? கிணற்றை இழந்த அதே மக்கள்! கெடுத்தவன் கொடுக்கு முன், கெட்டவன் கொடுத்து முடிக்கிறான்.

அமெரிக்க நாடு, முதலாளிகளின் சொர்க்கம் என்பர். அங்கும் 1980-இல் எண்ணெய், இரசாயனக் கம்பெனிகள்மீது தனி வரி போட்டு நிதி திரட்டினர். நச்சுக் கழிவு கொட்டிய இடத்துக்கு உடனடியாக ஓடி உதவும் உள்ளாட்சிக்கு, ஒரு நிகழ்வுக்கு 25,000 டாலர் வரை அந்நிதியிலிருந்து திருப்பித் தர 1986-இல் திருத்தமும் செய்தனர். பெருந்தொகையன்று, ஆயினும் உள்ளாட்சி செலவழித்தது என்று சட்டம் ஒப்புக்கொண்டதே! அந்த ஒரு வரியைத்தான் நம் சட்டத்திலும் கேட்கிறோம்.