வெயில் ஊரில் வைட்டமின் டி: எலும்பிலிருந்து இதயத்துக்குப் போன கதை

தருமபுரி இருப்பது பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி வடக்கே. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா இங்கேயும் உடம்பு பெருத்தவங்க பலர் வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை போடறாங்க. கேட்டா, ‘ஹார்ட்டுக்கு நல்லது’ங்கறாங்க. இந்த நம்பிக்கை எப்படி வந்தது?

தொடக்கம் எலும்புதான். முதல் உலகப்போர் முடிந்த வியன்னாவில் ஹாரியட் சிக் குழுவினர், மீன் எண்ணெயும் வெயிலும் குழந்தைகளின் ரிக்கெட்ஸ் நோயைக் குணமாக்கும் என்று காட்டினார்கள்.

2007-ல் நம்ம பக்கத்து ஊர் திருப்பதி ஆய்வு, வெயில் படும் கிராமத்து மக்களிடமும் குறைபாட்டைக் கண்டது. 2008-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு, வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாத்திரைதான் வழி என்று தோணும்.

ஆனால் 2000-லேயே ஒரு குறிப்பு கிடைத்திருந்தது. ஒரே அளவு புற ஊதாக் கதிர் பட்டும், பருமனானவர்கள் ரத்தத்தில் வைட்டமின் டி உயர்ந்தது மற்றவர்களில் பாதிகூட இல்லை. இது கொழுப்பில் கரையும் சத்து, கொழுப்பிலேயே தங்கிவிடுகிறது. அப்படின்னா குறைந்த அளவு இதயநோய்க்குக் காரணமா, இல்லை பருமனின் அடையாளமா?

2018-ல் ‘வைட்டல்’ ஆய்வு பதில் சொன்னது. 25,871 பேர், தினம் 2,000 யூனிட், சுமார் ஐந்து வருடம்: மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

குறைபாடு இருந்தா எலும்புக்கு மாத்திரை வேணும். அளவை டாக்டர் சொல்லட்டும். இதயத்துக்கு நடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை. அந்தக் கணக்கை மாத்திரை தீர்க்காது.