இராசநாராயணச் சம்புவராயர்

இராசநாராயணச் சம்புவராயர் (14ஆம் நூற்றாண்டு), இன்றைய வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் அடங்கிய தொண்டை மண்டலப் பகுதியைப் படைவீட்டிலிருந்து ஆண்ட குறுநில மன்னர். சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த படைவீட்டை ஒட்டியிருந்த இராசகம்பீரன் மலைக்கோட்டை இவருடைய அரண்.

இவர் செங்கேணிக் குடியினர். இக்குடியினர் முதலில் சோழப் பேரரசின் சிற்றரசர்கள். எதிரிலிசோழச் சம்புவராயன் முதலிய பெயர்களிலேயே அந்த விசுவாசம் தெரியும். சோழர் வீழ்ந்து, பாண்டியரும் தளர்ந்தபின், தந்தை ஏகாம்பரநாதச் சம்புவராயர் தனியாட்சி நிறுவி ‘வென்றுமண்கொண்டான்’ எனப் பட்டம் பூண்டார். ஏறத்தாழ 1337இல் பட்டமேறிய மகன், தந்தையைப் போலவே ‘சகலலோகச் சக்கரவர்த்தி’ என்று கல்வெட்டுகளில் பொறித்துக்கொண்டார். நாட்டின் பரப்பைப் பார்த்தால் சற்றே பெரிய பட்டம்தான்.

போளூருக்கு அருகிலுள்ள திருமலைச் சமணத் தலத்தில் இவருடைய 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது.

1360களையொட்டி விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்தார். அவருடைய மனைவி கங்காதேவி இயற்றிய ‘மதுரா விஜயம்’ என்னும் வடமொழிக் காவியம், பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் படை தங்கியதையும், சம்புவராயர் போரில் வீழ்ந்ததையும் பாடுகிறது. வென்றவர் வீட்டுக் காவியம் என்பதை நினைவில் கொண்டே அதைப் படிக்க வேண்டும். அதன்பின் இப்பகுதி விஜயநகரத்தின் படைவீட்டு இராச்சியம் ஆனது.